போருக்கு நன்றி சொல்லாதீர்கள்

மார்ச் 8 நெருங்கினால் அந்தப் படம் வந்துவிடும். தலையில் புள்ளி போட்ட சிவப்புத் துணி, நீலச் சட்டை, கையை மடக்கிப் புஜம் காட்டும் பெண். கல்லூரி விழா அழைப்பிதழிலும் வாட்ஸ்அப் வாழ்த்திலும் அவள்தான். அவளோடு ஒரு வரலாறும் சேர்ந்து வரும்: இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் களத்துக்குப் போனார்கள், பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள், அன்றோடு அடுப்படியின் பூட்டு உடைந்தது. பெண்ணுரிமை பேசுகிறவரும் சரி, ராணுவப் பெருமை பேசுகிறவரும் சரி, இதைச் சந்தேகிப்பதில்லை. நான் மறுக்கிறேன். மணமான பெண்ணையும் தாயையும் பொறுத்தவரை இந்த வரலாறு தவறு. அதோடு நிற்காமல், இன்றைய தாய்மாருக்குச் சேர வேண்டியதைத் தள்ளிப்போடவும் இது துணை நிற்கிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுவோம். அமெரிக்காவில் 1940-இல் ஏறத்தாழ 1.3 கோடியாக இருந்த உழைக்கும் பெண்கள், போர் முடியும் தறுவாயில் ஏறத்தாழ 1.9 கோடி ஆனார்கள். 1944-இல், அந்த நாட்டு வரலாற்றில் முதல் முறையாக, வேலைக்குப் போகும் பெண்களில் மணமாகாதவர்களைவிட மணமானவர்கள் அதிகம். பிரிட்டனில் 1941 டிசம்பரில் பெண்களையே கட்டாயப் பணிக்கு அழைக்கும் சட்டம் வந்தது. குழந்தைகள் காப்பகங்கள் திறக்கப்பட்டன. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் பால் வந்தது. கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும் என்ற விதி ஆசிரியைகளுக்கு 1944-இலும் அரசு ஊழியர்களுக்கு 1946-இலும் நீங்கியது. 2004-இல் டேரன் அசெமோக்லு, டேவிட் ஆட்டர், டேவிட் லைல் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் வலுவான சான்று: எந்த மாநிலத்தில் ஆண்கள் அதிகமாகப் பட்டாளத்துக்கு எடுக்கப்பட்டார்களோ, அங்கே 1950-இலும் பெண்கள் அதிகமாக வேலையில் இருந்தார்கள்.

இவையெல்லாம் நடந்தவை. இவற்றைப் போரின் கணக்கில் வரவு வைப்பதைத்தான் ஏற்க முடியாது என்கிறேன்.

1. அடுப்படியில் பூட்டிக் கிடந்தவள் யார்? நாற்று நடுகிறவளையும் கட்டட வேலைக்குப் போகும் சித்தாளையும் பார்த்து வளர்ந்த நாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கக் கூடாது. லங்காஷயர் பஞ்சாலைகளில் மணமான பெண்கள் அந்தப் போருக்கு நூறாண்டுக்கு முன்பே தறி ஓட்டினார்கள். அமெரிக்கக் கறுப்பினத் தாய் தன் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சோறூட்டினாள். இவர்களை விட்டுவிட்டு எண்ணினால்தான் ‘போர் வெளியே கொண்டுவந்தது’ என்று சொல்ல முடியும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், 1944-லும் 1951-லும் பெண்களிடம் எடுத்த இரண்டு கணக்கெடுப்புகளைப் பிரித்துப் பார்த்தார். 1950-இல் வேலையில் இருந்த மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 1940-லேயே வேலையில் இருந்தவர்கள். அந்தப் பத்தாண்டில் புதிதாக வந்தவர்களிலும் பாதிக்கு மேல் போர் முடிந்த பிறகு வந்தவர்கள்.

அந்தப் படத்தின் பூர்வீகமே இதைத்தான் சொல்கிறது. 1943-இல் ஹோவர்ட் மில்லர் என்ற ஓவியர் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்காக வரைந்தது அது. கம்பெனியின் ஆலைச் சுவர்களில் இரண்டு வாரம் ஒட்டியிருந்தார்கள், பிறகு கழற்றிவிட்டார்கள். வீட்டில் இருப்பவளுக்கு அது அழைப்பாகப் போகவேயில்லை. ஏற்கெனவே ஷிப்டில் நிற்பவள் லீவு போடாமல் உழைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். 1980-களில்தான் அது பெண்ணுரிமைச் சின்னம் ஆயிற்று.

2. தாயை யாரும் அழைக்கவில்லை. பிரிட்டனின் 1941 சட்டம் அழைத்தது 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களையும் பிள்ளையில்லாத விதவைகளையும்தான். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையோடு வீட்டில் இருப்பவளை அது தொடவில்லை. அமெரிக்காவில் ஆள்பலத்தைக் கவனித்த போர்க்கால ஆணையம் 1942-இல் விட்ட அறிவுறுத்தல், சிறு பிள்ளைகளின் தாய்க்கு முதல் கடமை வீடுதான் என்றது.

பிறகு அவர்கள் ஏன் போனார்கள்? காசு போதவில்லை, அதனால் போனார்கள். 1942 சட்டப்படி அமெரிக்கச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 50 டாலர் வந்தது. அதில் 22 டாலர் அவன் சம்பளத்தில் பிடித்தது. அரசு தன் கையிலிருந்து போட்டது 28. முதல் பிள்ளைக்கு 12 டாலர், அடுத்தடுத்த பிள்ளைக்குப் பத்துப் பத்து. கப்பல் தளங்களும் விமான ஆலைகளும் வந்த ஊர்களில் ஓர் அறை கிடைப்பதே பாடாக இருந்த காலத்தில், கைக்குழந்தையோடு நிற்பவள் இதை வைத்துக்கொண்டு வாடகை கொடுக்க வேண்டும், பால் வாங்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் இப்படிப் போன பின்னர்தான், 1943 அக்டோபரில், ஒரு பிள்ளையோடு இருப்பவளுக்கு 80 டாலர் ஆக்கினார்கள். வறுமை விரட்ட வேலைக்குப் போனவளை ‘விடுதலை அடைந்தாள்’ என்பவர்கள் அந்த 62 டாலரில் ஒரு மாதம் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும்.

இதே காலத்தில் சிப்பாய் மனைவிகளுக்கு இலவசப் பிரசவத் திட்டம் ஒன்றும் வந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை அது தாங்கியது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. தகுதி எப்படிப் பார்த்தார்கள்? கணவன் பட்டாளத்தின் கீழ்நிலை நான்கு சம்பளப் படிகளில் இருக்க வேண்டும். களத்தில் நிற்பவன் வீட்டுக் கவலையில் மனம் தளரக் கூடாது என்பதற்காகப் போட்ட திட்டம் அது. கப்பலில் கரி அள்ளுகிறவன் மனைவிக்கும் பருத்திக் காட்டுக் கூலியின் மனைவிக்கும் மட்டும் இடுப்புவலி வேறு மாதிரியா வந்தது? 1949-இல் திட்டத்தை மூடியபோது, எல்லாத் தாய்க்கும் விரித்துக் கொடுக்கலாமே என்ற யோசனை ஏறவில்லை.

3. காப்பகங்கள் யாருக்காகத் திறக்கப்பட்டன, யார் மூடினார்கள்? எதிர்த்தரப்பின் பெருமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது, ஆகையால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் கைசர் கப்பல் கட்டும் தளங்கள். 1943 நவம்பரில் அவற்றின் வாசலிலேயே இரண்டு காப்பகங்கள் திறக்கப்பட்டன. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் இதில் அக்கறை எடுத்துக்கொண்டவர். ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரை பிள்ளைகள். நடுவில் விளையாட்டு முற்றம், சுற்றிலும் பதினைந்து அறைகள். பிள்ளையின் உயரத்துக்கேற்ற கழிப்பறை. காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தனியே வைத்துப் பார்க்க நர்ஸ். இரவு ஷிப்டுக்குப் போகிறவளின் பிள்ளை இரவில் அங்கேயே தூங்கும். நாளுக்கு 75 சென்ட் கட்டணம், கூடப் பிறந்ததற்கு அதைவிடக் குறைவு. ஷிப்ட் முடிந்து பிள்ளையைக் கூப்பிட வரும் தாய், வீட்டுக்கு எடுத்துப்போகச் சமைத்த இரவுச் சாப்பாட்டையும் அங்கேயே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் வெல்டிங் பிடித்தவள் வீட்டுக்குப் போய் மறுபடியும் அடுப்பு மூட்ட வேண்டாம். எண்பது ஆண்டு கழித்து நம் ஊர்ப் பின்னலாடைக் கம்பெனியில் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது?

இவ்வளவுக்கும் செலவு யாருடையது? கப்பல் கட்டும் ஒப்பந்தம், ஆகிற செலவோடு லாபத்தையும் சேர்த்து அரசு கொடுத்துவிடும் வகை. காப்பகத்துக்கான தொகை கப்பலின் விலையில் ஏறியது. இரும்புத் தகடு, ஆணி, பெயின்ட் என்ற வரிசையில் பிள்ளை பராமரிப்பும் ஒரு செலவினம். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது; அடுத்த மாதமே கைசர் காப்பகங்கள் மூடப்பட்டன. அந்தப் பிள்ளைகள் ஒரே மாதத்தில் வளர்ந்துவிடவில்லை. கப்பல் தேவைப்படவில்லை, ஆகவே பிள்ளையும் தேவைப்படவில்லை.

லான்ஹம் சட்டம் என்ற போர்க்காலச் சட்டப்படி மத்திய அரசு கொடுத்த பணத்தில் நாடு முழுக்க நடந்த காப்பகங்களுக்கும் இதே கதிதான். உச்சமாக 1944 ஜூலையில் மூவாயிரத்துச் சொச்சம் காப்பகங்களில் சுமார் 1,30,000 பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் பெண்கள் வேலையில் இருந்த நாட்டில் இது. மற்றப் பிள்ளைகள் பாட்டியிடமும் பக்கத்து வீட்டிலும் இருந்தார்கள். பலர் கழுத்தில் சாவியோடு திரிந்தார்கள். பிரிட்டனில் காப்பகங்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பிள்ளைகளோடு நின்றன. 1945-இல் அங்கே சுகாதார அமைச்சகம் சுற்றறிக்கை விட்டது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உரிய இடம் தாயோடு வீட்டில்தான். அதுவரை மத்திய அரசு முழுதாக ஏற்ற செலவில் பாதி உள்ளூராட்சியின் தலையில் விழுந்தது. காப்பகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இரண்டு நாட்டிலும் இவற்றை மூடியது குண்டும் இல்லை, பஞ்சமும் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து போட்ட கையெழுத்து.

இதன் தர்க்கத்தைப் பாருங்கள். போர்தான் கொடுத்தது என்றால், போர் முடிந்ததும் எடுத்துக்கொண்டதைக் குறைசொல்ல வழியே இல்லை. கைமாற்றாகக் கொடுத்தவன் திரும்பக் கேட்கிறான், நியாயம்தானே என்றாகிவிடும். அரசு கொடுத்தது என்று சொன்னால் மட்டுமே, ஏன் பறித்தாய் என்று அதே அரசைக் கேட்க முடியும்.

4. பால் போர் கறந்ததா? பிரிட்டனில் 1940 கோடையில் கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் தினம் ஒரு பைன்ட் பால், இரண்டு பென்னிக்கு, இல்லாதவர்க்கு இலவசமாக, கொடுக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆயிரம் குழந்தைகளுக்கு 1941-இல் 60 ஆக இருந்த சிசு மரணம் 1945-இல் 46 ஆகக் குறைந்தது. போரின் ஆதரவாளர்கள் அந்த இரண்டாவது எண்ணை மட்டும் காட்டுகிறார்கள். போருக்கு முன் அது ஏறத்தாழ 51. போரின் முதல் இரண்டு ஆண்டில்தான் 60-க்கு ஏறியது. குண்டும் குளிரும் இடம்பெயர்வும் குழந்தைகளைக் கொன்றன, பால் காப்பாற்றியது. அந்தப் பால் 1935-லும் அதே மாட்டிடம்தான் இருந்தது. வேலையில்லாத் திண்டாட்டத்தில் வாடிய ஊர்களின் தாய்மார் அன்றைக்குக் கேட்டபோது இல்லையென்று சொன்ன அரசு, 1940-இல் கொடுத்தது. முடியாமல் இருந்ததில்லை, கொடுக்க மனமில்லாமல் இருந்தது.

பிரிட்டனின் குடும்பப்படிச் சட்டத்தையும் இதே போரின் கணக்கில் எழுதுகிறார்கள். இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கோபம் மிகுதியாக வருகிறது. லிவர்பூலைச் சேர்ந்த எலினார் ராத்போன், முதல் உலகப்போரில் சிப்பாய் மனைவிகளுக்குப் படி பட்டுவாடா செய்யும் வேலையில் இருந்தவர். வாரா வாரம் தாயின் கையில் நேராகக் காசு விழுந்தால் பிள்ளைகளின் உடம்பில் அது தெரிகிறது என்பதைக் கண்ணால் கண்டார். 1917-இலிருந்து இதற்காகக் குழு அமைத்தார், 1924-இல் புத்தகம் எழுதினார், நாடாளுமன்றத்துக்குள் போய் அங்கேயும் வாதாடினார். கடைசியில் 1945-இல் மசோதா வந்தபோது காசைத் தகப்பன் பெயருக்கு என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று நின்றார் ராத்போன். மாற்றினார்கள். இரண்டாவது பிள்ளையிலிருந்து வாரம் ஐந்து ஷில்லிங், தாய்க்கு. முதல் பட்டுவாடா 1946 ஆகஸ்டில் நடந்தது. அவர் அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார். ஒரு பெண் இருபத்தெட்டு ஆண்டு முட்டி மோதி வாங்கியதை ஹிட்லரின் படையெடுப்பால் வந்தது என்று எழுதுவது அநியாயம்.

5. போர் தாயை உயர்த்தவில்லை, வேவு பார்த்தது. 1914 அக்டோபரில், முதல் போர் தொடங்கி மூன்று மாதம் ஆகுமுன்பே, பிரிட்டிஷ் அரசு ஓர் உத்தரவு விட்டது. நடத்தை சரியில்லாத சிப்பாய் மனைவியின் படியை நிறுத்தலாம். அதைக் கண்காணிக்கப் போலீஸ். குடிக்கிறாளா, யார் வந்து போகிறார்கள் என்று வாசலில் ஆள் நின்றது. அவள் புருஷன் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த காசுக்குத்தான் இந்த நற்சான்றிதழ்.

சோவியத் நாட்டில் 1944 ஜூலை 8 ஆணை இதன் உச்சம். பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு ‘வீரத்தாய்’ பட்டம். அதே ஆணையின் இன்னொரு பிரிவு, பதிவு செய்யாத உறவில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையைத் தாயிடமிருந்து பறித்தது. தகப்பன் பெயரைக்கூட எழுத முடியாது. பிறப்புச் சான்றில் அந்த இடத்தில் ஒரு கோடு. கோடிக்கணக்கான ஆண்கள் செத்துப்போன நாட்டில் பிறப்பு எண்ணிக்கையை ஏற்ற வேண்டியிருந்தது. ஆண்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி அதைச் சாதிக்கப் பார்த்தார்கள். பதக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிற நாம் அந்தக் கோட்டையும் சேர்த்துப் போட வேண்டும்.

அமெரிக்காவில் போர் முடிந்த அடுத்த ஆண்டே எட்வர்ட் ஸ்ட்ரெக்கர் என்ற மனநல மருத்துவர் ஒரு புத்தகம் போட்டார். மனநலக் காரணத்தால் பட்டாளத்துக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட இளைஞர்களின் நிலைக்கு அவர்களின் அம்மாக்களையே அதில் பொறுப்பாக்கினார்: பிள்ளையை முந்தானையிலேயே வைத்திருந்தார்களாம். போர் நடக்கும்போது எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர் சொல்லிக்கொண்டிருந்தது நேர்மாறு: தாய் வேலைக்குப் போனதால் பிள்ளைகள் கெட்டார்கள். பக்கத்தில் இருந்தாலும் குற்றம், விலகிப் போனாலும் குற்றம்.

6. அந்த 2004 ஆய்வுக்கு என்ன பதில்? அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கோல்டினும் கிளாடியா ஒலிவெட்டியும் 2013-இல் அதே கேள்வியை இன்னும் நுணுக்கமாகக் கேட்டார்கள்: எந்தப் பெண்? போரின் தாக்கம் பெரும்பாலும் அதிகம் படித்த வெள்ளையினப் பெண்களிடம்தான் தெரிந்தது. 1950 கணக்கில் மிகுந்த தாக்கம் போர்க்காலத்தில் மணமாகி, பிள்ளை இல்லாமல் இருந்தவர்களிடம். பிள்ளை இருந்தவர்களிடமும் பின்னால், 1960 வாக்கில், தெரிகிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். காப்பகம் தேவைப்பட்ட வயதில் தாய்க்குக் கிடைக்காத ஒன்றை, பிள்ளை பள்ளியை முடிக்கும் வயதில் காட்டி, போர் அவளை விடுவித்தது என்று எப்படிச் சொல்வது?

மூவர் ஆய்வுக்கு இன்னொரு பாதியும் உண்டு. மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். பெண்கள் அதிகமாக வந்த மாநிலங்களில் கூலி இறங்கியது, பெண்களின் கூலி அதிகமாக இறங்கியது.

7. இந்த வாதம் தமிழிலும் புழங்குகிறது. ஈழப்போர் பெண்ணின் தளையை அறுத்தது என்று எழுதியவர்கள் உண்டு. களத்தில் நின்ற பெண்களின் துணிவை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் வீட்டில் இருந்தவளுக்கு நடந்தது என்ன? வன்னியில் போரின் கடைசிக் காலத்தில், கட்டாய ஆள்சேர்ப்பிலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற, பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பெற்றோர் கல்யாணம் கட்டிவைத்தார்கள். தாலி கேடயம் ஆனது. பதினாறு, பதினேழு வயதில் தாயானவர்கள், புருஷன் காணாமல் போனபின் விதவையா மனைவியா என்றுகூடக் காகிதத்தில் நிரூபிக்க முடியாமல், ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். அவர்கள் குடும்பத்தைத் தனியே தாங்கியதை ‘அதிகாரம் பெற்றார்கள்’ என்று எழுதுகிறவர்கள், அந்தச் சுமையை யார் ஏற்றியது என்பதை எழுதுவதில்லை.

இதனால் இன்றைக்கு என்ன கேடு? இந்தியாவில் 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். சித்தாளுக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் அந்த ஐம்பது பேர் கணக்கு எட்டாது. கேட்டால், நாட்டின் நிலைமை அப்படி, பணம் வேண்டாமா என்கிறார்கள். 1943-இல் பணம் இருந்தது. உலகம் முழுக்கத் தீப்பற்றி எரிந்த ஆண்டில், நடு இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தார்கள். அது நெருக்கடியின் விந்தை என்று நம்புகிறவர், நெருக்கடி இல்லாத காலத்தில் தாயைக் காத்திருக்கச் சொல்வார்.

1945 ஆகஸ்டில் லான்ஹம் காப்பகங்களை அக்டோபரோடு மூடப்போவதாக அறிவித்தபோது, அமெரிக்கத் தாய்மார் காத்திருக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களும் நூற்றுக்கணக்கான தந்திகளும் வாஷிங்டனில் குவிந்தன. 1946 பிப்ரவரி வரை தவணை கிடைத்தது. அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் கதவு மூடியது. கலிஃபோர்னியாவில் தாய்மாரும் காப்பக ஆசிரியைகளும் விடவில்லை. மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போய் ஓராண்டுக்கு நீட்டிக்க வைத்தார்கள், நிதிக்காலம் முடிந்ததும் மறுபடி போனார்கள், மறுபடி வாங்கினார்கள். பத்தாண்டுக்கு மேல் இப்படியே நடந்து, 1957-இல் மாநில அரசு அந்தக் காப்பகங்களை நிரந்தரமாக்கியது. கொரியப் போரும் முடிந்து அப்போது நான்கு ஆண்டு ஆகியிருந்தது.